தங்கச்சியின் முகம் வரவேண்டிய மொனிட்டர்

என் தங்கச்சி குவைத்துக்குப் போனபோது அவளுடைய மகளுக்குப் பேச்சு வந்திருக்கவில்லை. தத்தித் தத்தி நடப்பாள், கையில் அகப்பட்டதை வாயில் வைப்பாள், அவ்வளவுதான். தகப்பன் கரடியனாற்றுப் பக்கம் வயல் வேலைக்குப் போய் வராமலே போனவன். தங்கச்சி பிள்ளையை என் மனைவியின் இடுப்பில் ஏற்றிவிட்டு, இரண்டு வருடத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லி வேனில் ஏறினாள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டுக்குப் போகத் தொடங்கிய பிறகும் அவளால் வர முடியவில்லை.

பிள்ளை என் மனைவியைத்தான் அம்மா என்று கூப்பிட்டாள். நாங்கள் சொல்லிக் கொடுத்ததல்ல, தானாக வந்தது. தங்கச்சி அவளுக்குக் "குவைத்தம்மா". புளியந்தீவில் என் கடைக்கு அடுத்து, காசு கொடுத்து டெலிபோன் பேசுகிற கொமினிகேஷனுக்கு இடைக்கிடை அழைப்பு வரும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ரிசீவரைக் காதில் வைப்பேன். அவள் மூச்சை மட்டும் விடுவாள். அந்தப் பக்கம் தங்கச்சி "என்ட கிளி, ஒரு சொல்லுப் பேசு மனே" என்று கெஞ்சுவது எனக்கும் கேட்கும். பிள்ளை ரிசீவரை என் கையில் தந்துவிட்டுக் கடை வாசலில் நிற்கும் ஆட்டைப் பார்க்கப் போய்விடுவாள். ஒரு முறை தங்கச்சி போட்டோ அனுப்பினாள். கறுப்பு அங்கி, தலையில் துணி, பின்னால் ஒரு பெரிய வீடு. பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "இது ஆரு?" என்று கேட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை தங்கச்சி அவசரமாகப் பேசினாள்.

"அண்ணன், மேடத்துட மூத்த மகள் படிக்கிறதுக்கு வெளிநாட்டுக்குப் போறா. நல்ல புள்ள. போறதுக்கு முன்ன இந்த வெள்ளிக்கிழமை பின்னேரம், உங்கட நாலு மணிக்கு, மேடம் படுத்திருக்கக்குள்ள, அவட கொம்பியூட்டர்ல என்னை இருத்துறன் எண்டிருக்கா. கமரா இரிக்கி. என்ட புள்ள என்ட முகத்த ஒருக்கா பாக்கட்டும். நானும் அவளப் பாக்கணும். அவ போயிட்டா மறுகா ஏலா அண்ணன். மேடம் விடமாட்டா."

"சரி" என்றேன். வேறென்ன சொல்வது? கமரா வைத்த கொம்பியூட்டர் பட்டினத்தில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதைப் போய் யாரிடமாவது கேட்க வேண்டுமே என்ற நினைப்பே எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். டீவி, ரேடியோ திருத்துகிற தொழில். பழுதான பெட்டியோடு எவ்வளவு நேரமும் இருப்பேன். பெட்டிக்குச் சொந்தக்காரர் வந்து நின்றால் எனக்கு நாக்கு எழாது. கரண்ட் இல்லாத வருடங்களில் டிரக்டர் பற்றரியில் பதினாலு அங்குலக் கறுப்பு வெள்ளை டீவிகளை ஓட வைத்துக் கொடுத்தவன் நான்தான். ஒரு பெட்டிக்கு முன்னால் ஒரு ஊரே இருந்து படம் பார்க்கும். எல்லோரும் படத்தைப் பார்ப்பதால் என்னை யாரும் பார்க்க மாட்டார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த காலம்.

கொமினிகேஷன்காரர்தான் சொன்னார், வாவிக்கரை வீதியில் ஒரு டீச்சர் வீட்டு முன்னறையில் கொம்பியூட்டர் படிப்பிக்கிறார், கமராவும் வைத்திருக்கிறார் என்று. செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். வாசலில் நின்று செருப்பைக் கழற்றுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே டீச்சர் கண்டுவிட்டார்.

"அண்ணன், நீங்க அந்த டீவிக் கடை அண்ணன்தானே? நல்ல நேரத்துல வந்திங்க. உள்ளுக்கு வாங்க, மொனிட்டர்ல படம் வருதில்ல."

நான் எதற்கு வந்தேன் என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. டீச்சர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"வெள்ளிக்கிழமையா?"

"ஓம் டீச்சர்."

"சனிக்கிழமைதான், அண்ணன், கொழும்புல இருந்து எனக்குப் படிப்பிச்ச சேர் வந்து புது வேர்ஷன் போட்டுட்டுப் போனார். பழசுல கமரா வேலை செய்யல்ல எண்டுதான் போட்டது. அவர் இரிக்கக்குள்ள எல்லாம் வடிவா வந்த. கமராவும் வந்த. திங்கட்கிழமை போட்டா, இந்தா, இப்படி."

அந்தக் கொம்பியூட்டருக்குள் இருந்தது எல்லோரும் பாவிக்கிற வகை அல்ல. யுனிக்ஸ் என்று, வங்கி மாதிரிப் பெரிய கந்தோர்களின் மெஷின்களுக்கென்று இருந்த ஒன்றின் வழியில் வந்தது, லினக்ஸ் என்று பெயர், சும்மா கிடைக்கும் என்று டீச்சர் சொன்னார். அதில் எழுத்து வேறு, படம் வேறு. முதலில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரும். அதற்கு மேலே தனியாக ஒன்று ஏறி நின்று படத்தைக் காட்டும். "எழுத்து வீடு மாதிரி அண்ணன், படம் வாசல்ல போட்ட பந்தல் மாதிரி. வீட்டுக்கு ஒண்டும் இல்ல. பந்தல்தான் விழுந்து கிடக்கு" என்றார். எனக்கு அது நன்றாக விளங்கியது.

அவர் சுவிச்சைப் போட்டார். எழுத்துக்கள் வரிவரியாக ஏறின. ஒரு குறையும் இல்லை. பிறகு திரை ஒரு கணம் இருண்டது. உள்ளே "டிக்" என்றது. அதற்குப் பின் எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு சத்தம், ஊசி மாதிரி மெல்லிய ஒரு விசில். திரையில் சாய்ந்த கோடுகள், கிழித்துப் போட்ட துணி மாதிரி. பிறகு ஒன்றும் இல்லை.

"இது மொனிட்டர் டீச்சர்" என்றேன். அன்று நான் உரத்துச் சொன்ன முதல் வசனம் அதுதான். டீவியில் அந்த விசில் கேட்டால் படத்தைக் கிடையாக இழுக்கிற பகுதி தன் சக்திக்கு மேலே இழுக்கிறது என்று அர்த்தம். எங்கோ ஒரு கொண்டென்சர் ஊதியிருக்கும்.

"மொனிட்டர் எண்டா எழுத்து எப்படி அண்ணன் வருது? இது புது வேர்ஷனுக்கும் உள்ளுக்குள்ள இரிக்கிற படக் கார்ட்டுக்கும் ஒத்துவரல்ல."

அறைக்குள் இருந்து டீச்சரின் தகப்பனார் வந்தார். நீர்ப்பாசனத்தில் ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவர். நெஞ்சில் நரைமுடி, தோளில் துவாய்.

"ரெண்டுமில்ல. கரண்ட். ஆறு மணியான உடனே ஊரெல்லாம் லைட்டப் போட்டா இதுக்கு எங்க கரண்ட் வாற?"

"இப்ப மூணு மணி அப்பா."

"அப்ப ஆமிக் காம்ப்ல போட்டிருப்பாங்க."

மொனிட்டரைச் சைக்கிள் கரியரில் கட்டிக் கடைக்குக் கொண்டுவந்தேன். திறந்து பார்த்தபோது உண்மையாகவே இரண்டு கொண்டென்சர் ஊதியிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அன்று பின்னேரம் தங்கச்சியின் அழைப்பு வந்தபோது, டீச்சர் எழுதித் தந்த கொம்பியூட்டர் விலாசத்தை அவளுக்குச் சொல்லிவிட்டேன். இரண்டையும் மாற்றி, சந்தேகமான இடமெல்லாம் ஈயம் பற்றவைத்து, மறுநாள் கொண்டுபோய் வைத்தேன். எழுத்துக்கள் முன்னையை விட வெளிச்சமாக வந்தன. பிறகு டிக். பிறகு விசில்.

"எழுத்து நல்லா வடிவாத்தான் இரிக்கி அண்ணன்" என்றார் டீச்சர், என் முகத்தைப் பார்த்துவிட்டு.

அவர் தன் பக்கத்தில் சும்மா இருக்கவில்லை. கறுப்புத் திரையில் பக்கம் பக்கமாக ஓடுகிற எழுத்தையெல்லாம் விரலை வைத்து வாசித்து, படக் கார்ட்டின் பெயரைக் கண்டுபிடித்து, அதற்கான பகுதியை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டார். ஒரு பிரயோசனமும் இல்லை. பட்டினத்தில் கொம்பியூட்டர் இருந்த இன்னும் இரண்டு இடங்களுக்கு நானே போய்க் கேட்டேன். நானே போய்க் கேட்டேன் என்பதை என் மனைவி இன்றைக்கும் நம்புவதில்லை. இரண்டு இடத்திலும் கமரா இல்லை. டீச்சருடைய கமராவை அங்கே கொண்டுபோய்ப் பூட்டிப் பார்த்தோம்; அந்தக் கொம்பியூட்டர்கள் அதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை.

வியாழக்கிழமை டீச்சர் கொழும்புக்குப் பேசினார். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன்.

"இல்ல சேர், ஒண்டும் மாத்தல்ல... வயர் எல்லாம் நீங்க பூட்டின மாதிரித்தான்... இல்ல சேர், ஒருத்தரும் கை வைக்கல்ல. அப்பா அதுக்குக் கிட்டயே போறல்ல."

"நான் போறல்ல" என்று தகப்பனாரும் உள்ளே இருந்து சாட்சி சொன்னார்.

சேர் சொன்னதையெல்லாம் டீச்சர் செய்து பார்த்தார். விசில்தான் வந்தது. இரவு சாப்பிடும்போது மனைவி கேட்டாள், தங்கச்சிக்கு எப்படிச் சொல்லப் போகிறீர்கள் என்று. சொல்ல வழியில்லை. அவளுக்கு நாங்கள் அழைப்பு எடுக்க முடியாது, அவள்தான் எடுப்பாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தப் பெரிய வீட்டில் யாரோ ஒரு நல்ல பிள்ளையின் கதிரையில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு, ஒன்றும் வராத திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாங்கள் பிள்ளையைக் கூட்டிவர மறந்துவிட்டோம் என்று நினைப்பாளோ?

வெள்ளிக்கிழமை ஹர்த்தால். முதல் நாள் எங்கேயோ யாரையோ சுட்டிருந்தார்கள். கடை இல்லை, பஸ் இல்லை. எங்கள் வீட்டுக்கும் பட்டினத்துக்கும் நடுவில் இருந்த கல்லடிப் பாலத்து ஆமிச் சென்றியில் பின்னேரம் மறித்துவிட்டால் என்ன செய்வது என்று காலையிலேயே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். மனைவி அவளைக் குளிப்பாட்டி, கோயில் திருவிழாவுக்குத் தைத்த சட்டையைப் போட்டு, இரட்டைப் பின்னல் பின்னி, பவுடர் பூசினாள். முன்பல் இரண்டும் விழுந்திருந்த காலம் அது. பொட்டு வைத்த பிறகும் அதைத் துடைத்துத் திரும்ப வைத்தாள்.

"நீயும் வாவன்" என்றேன்.

"நான் வரல்ல. வந்தா அவள் என்ட சீலைக்குள்ள ஒளிஞ்சிருவாள். பெத்தவ பாக்கணுமே."

பாலத்தில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளினேன். பிள்ளை என் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு கீழே வாவியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆமிக்காரன் அவளுடைய சட்டையைப் பார்த்து, "கோவில்?" என்றான். நான் தலையாட்டினேன்.

டீச்சர் வீட்டில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் இருந்தோம். வேறு வழி தெரியாததால் மொனிட்டரை இன்னொரு முறை திறந்து பார்ப்போம் என்றேன். வயரைக் கழற்றி, பெட்டியைத் தூக்கி நிலத்தில் வைத்தேன். மேசைக்கு ஒரு பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்புப் போட்டிருந்தது. பெட்டி இருந்த இடத்தில் அதன் அடிப்பாகம் அமிழ்ந்து ஒரு வட்டம். அதைச் சுற்றி, அதைவிடப் பெரிதாகவும் ஆழமாகவும் இன்னொரு வட்டம் இருந்தது.

நான் சும்மாதான் கேட்டேன். "இதுல வேற என்ன இரிந்த டீச்சர்?"

"அதா? அது நல்ல மொனிட்டர்ட அடையாளம்" என்றார் தகப்பனார், துவாயால் முதுகைத் தட்டிக்கொண்டு.

"நல்ல மொனிட்டரா?"

"மூத்த மருமகன் வாங்கித் தந்த. பெரிசு. சேர் வாறண்டைக்கு எடுத்து வெச்சம். கொழும்புல இருந்து வாற மனுசனுக்கு இந்தப் பழசையா மனே காட்டுற? அவர் போன உடனே பெட்ஷீட்டால சுத்தி, உரப்பையில போட்டுக் கட்டி, குருக்கள்மடத்துக்கு மூத்தவட வீட்ட அனுப்பிட்டன். இஞ்ச வெச்சா ஆமி ரவுண்டப்புக்கு வாறண்டைக்கு ஒரு பொல்லுப் பட்டாலும் போச்சு."

டீச்சர் கதிரையில் இருந்தபடியே வாயைப் பொத்தினார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

இதை இன்றைக்கு வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்களில் யாரும் எதையும் மறைக்கவில்லை. "ஒண்டும் மாத்தல்ல சேர்" என்று டீச்சர் சொன்னது மனமறிந்த உண்மை. அந்தக் காலத்தில் நல்ல சாமான் என்பது பாவிக்கிற சாமான் அல்ல. நல்ல சைக்கிள் கூரைக்குள் தொங்கும், ஓட்டைச் சைக்கிளை ஓட்டிக்கொண்டு சென்றிக்குப் போவோம். கரண்ட் பார்க்கிற என் நல்ல மீட்டர் அரிசி டிரம்முக்குள் இருந்தது. கண்ணாடி உடைந்த பழைய மீட்டரால்தான் இத்தனை டீவியும் பார்த்தேன். விருந்தாளி வந்தால் நல்லதை எடுப்போம், போனதும் கட்டி வைப்போம். அப்படிக் கட்டி வைப்பதை மாற்றுவது என்று யாரும் சொல்வதில்லை. எது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே போய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் புது வேர்ஷன் எங்கள் ஊருக்குப் புதுசு. விருந்தாளிக்கு எடுத்த பெட்டியைக் கண்டுவிட்டு இதுதான் இந்த வீட்டுப் பெட்டி என்று நம்பிவிட்டது.

டீச்சர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே கொழும்புக்கு அழைப்பு எடுத்தார். எந்த மொனிட்டர் என்று சேர் இரண்டு முறை கேட்டாராம். பிறகு, "டீச்சர், நான் ராத்திரி முழுக்க நித்திரை கொள்ளல்ல" என்றாராம்.

விஷயம் இதுதான். புது வேர்ஷன் போடும்போது அது மொனிட்டரிடமே விசாரித்து, அது எவ்வளவு பெரிய படத்தை எவ்வளவு வேகமாக வரையக்கூடியது என்று எழுதி வைத்துக்கொண்டது. அந்தப் பெரிய பெட்டியின் கணக்கை இந்தக் கிழட்டுப் பெட்டியிடம் கேட்டால் அது விசிலடிக்காமல் என்ன செய்யும்?

"பெடியன் ஆரையும் அனுப்பிக் குருக்கள்மடத்துல இருந்து எடுப்பிப்பமா?" என்றார் தகப்பனார்.

"ஹர்த்தால் அண்டைக்கு, இவ்வளவு பெரிய உரப்பையோட, அத்தனை சென்றியாலயுமா அப்பா? உள்ளுக்கு என்னண்டு கேட்டா மருமகன்ட அன்பளிப்பு எண்டு சொல்லவா?"

ஆகவே பழசைத் திரும்ப மேசையில் ஏற்றி, அதைத்தான் சரிக்கட்ட வேண்டும். எழுதி வைத்த கணக்கைக் கறுப்புத் திரையில் திறந்து, சின்னதாக மாற்ற வேண்டும் என்று சேர் சொன்னார். இழுத்துப் பிடித்தால்தான் டெலிபோன் வயர் மேசைவரை எட்டும். டீச்சருக்கு இரண்டு கையும் கீபோர்ட்டில் வேண்டும். தகப்பனாருக்குக் கை நடுங்கும். ரிசீவரை டீச்சரின் காதில் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை எனக்கு வந்தது. வயர் ஒரு பக்கம் இழுக்க, டீச்சரின் தலைமயிரில் கூட என் கை படக்கூடாது என்று மறுபக்கம் நான் இழுக்க, கொக்கு மாதிரி நின்றேன்.

"அண்ணன், எனக்குக் கேக்கல்ல, காதுல வைங்க."

"வெச்சிருக்கன் டீச்சர்."

"அது காத்துல வெச்சிருக்கீங்க."

தகப்பனார் சத்தமாகச் சிரித்தார். பிள்ளை எதற்கென்று தெரியாமல் அவரோடு சேர்ந்து சிரித்தாள். அன்றைக்கு அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

சேர் இந்த மொனிட்டர் தாங்கக்கூடிய இலக்கம் என்ன என்று கேட்டார். அது பின்பக்கத் தகட்டில் இருந்தது. பெட்டியைத் திறந்து பூட்டியவனுக்கு அது கண்ணுக்குள்ளேயே நின்றது, சொன்னேன். டீச்சர் அடித்தார். முதல் முறை எங்கேயோ ஒரு புள்ளி தவறி, படமும் இல்லை, விசிலும் இல்லை, எழுத்துக்கே திரும்பி வந்தது. இரண்டாம் முறை திரை இருண்டது. டிக் என்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். விசில் இல்லை. திரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள், நடுவில் கணக்கில் போடுகிற பெருக்கல் குறி மாதிரி ஒன்று.

"இதுதானா படம்?" என்றார் தகப்பனார்.

"பொறுங்கப்பா."

நீல நிறம் வந்தது. பிறகு படங்கள். எல்லாம் பெரிது பெரிதாக, கிழவர்கள் வாசிக்கிற எழுத்து மாதிரி. டீச்சர் கீபோர்ட்டில் இருந்து கையை எடுத்து இரண்டு உள்ளங்கையையும் மடியில் துடைத்துக்கொண்டார்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் டெலிபோன் லைனைக் கொம்பியூட்டருக்கு மாற்றினோம். அது கீச்சிட்டு, இரைந்து, அடங்கியது. பிள்ளையைக் கதிரையில் இருத்தி, உயரம் போதாமல் இரண்டு தடித்த அகராதியை அடியில் வைத்தோம். கமரா ஒரு சின்ன முட்டை அளவு, மொனிட்டருக்கு மேலே இருந்தது. எங்கள் லைனில் படமும் குரலும் சேர்ந்து வராது, படம் மட்டும்தான், பேச்சை எழுத்தில் அடிக்கலாம் என்று டீச்சர் முன்னமே சொல்லியிருந்தார். தங்கச்சிக்கு அடிக்கத் தெரியாது. மேடத்தின் மகள் அரபியில் கேட்டு ஆங்கிலத்தில் அடிப்பாள், டீச்சர் எங்களுக்குத் தமிழில் சொல்வார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு திரையில் ஒரு சதுரம் திறந்தது. அதில் ஒரு நெற்றி வந்தது. பிறகு புருவம், கண்கள். அதோடு நின்றுவிட்டது. மூக்கிலிருந்து கீழே இல்லை.

"என்ன இது, பாதி முகம்" என்றேன்.

"நாம திரையச் சின்னதாக்கினதால மிச்சம் கீழ வெளியில நிக்குது அண்ணன்." டீச்சர் கீபோர்ட்டில் ஒரு கட்டையை அமத்திக்கொண்டு மவுசால் அந்தச் சதுரத்தை மேலே இழுத்தார். மூக்கு ஏறியது. வாய் ஏறியது. என் தங்கச்சி.

மெலிந்துபோயிருந்தாள். தலையில் துணி இல்லை, அந்தப் பிள்ளை எடுத்துவிடச் சொல்லியிருக்க வேண்டும். தலையை எங்கள் அம்மா வாருகிற மாதிரி நடுவகிடு எடுத்து வாரியிருந்தாள். படம் டீவி மாதிரி ஓடவில்லை. ஒன்று வரும், நாலைந்து மூச்சுக்குப் பிறகு அடுத்தது வரும். ஒன்றில் எங்களைப் பார்க்கிறாள். அடுத்ததில் திரைக்குக் கிட்ட வந்துவிட்டாள். அதற்கடுத்ததில் இரண்டு கையும் கன்னத்தில்.

"உங்கட அம்மா கேக்கிறா, பல்லெங்க எண்டு" என்றார் டீச்சர், எழுத்தை வாசித்து.

பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். உள்ளங்கை இரண்டையும் சட்டைக்கு அடியில் ஒளித்தாள். நான் பின்னால் நின்றேன். எனக்கு அவளைத் தெரியும்; அந்த நேரத்தில் என்ன சொன்னாலும் பேச மாட்டாள், நான் அந்த வயதில் பேசாத மாதிரி.

"சொல்லு மனே, எலி கொண்டு போயிட்டு எண்டு சொல்லு" என்றார் தகப்பனார்.

சொல்லவில்லை. ஆனால் கண்ணை எடுக்கவும் இல்லை. அடுத்த படத்தில் தங்கச்சியின் வாய் அகலத் திறந்திருந்தது, கண்கள் இடுங்கியிருந்தன. அதற்கடுத்ததும் அப்படித்தான்.

பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா, ஏன் சிரிக்கிறா?"

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர்தான், "உன்னக் கண்ட சந்தோசம்" என்றார்.

பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டுக் கதிரையில் இருந்து முன்னுக்கு வளைந்து, ஒரு விரலால் திரையில் தங்கச்சியின் கன்னத்தைத் தொட்டாள். பழைய பெட்டி. கண்ணாடியில் எப்போதும் மின்சாரம் மேவி நிற்கும். மெல்லச் சடசடவென்றது. விரலை வெடுக்கென்று எடுத்தாள்.

"கிள்ளுறா!"

டீச்சர் அதை உடனே அடித்து அனுப்பினார். அடுத்து வந்த படத்தில் தங்கச்சி உண்மையாகவே சிரித்தாள். அவளுடைய பல்லை நான் எவ்வளவோ காலத்துக்குப் பிறகு கண்டேன். பிள்ளை இன்னொரு முறை தொட்டாள். பிறகு இன்னொரு முறை.

எவ்வளவு நேரம் அப்படிப் போனதென்று தெரியாது. டீச்சர் வாசித்தார்: சாப்பிடுகிறாயா என்று கேட்கிறா. மாமிக்கு, இல்லை, அம்மாவுக்கு உதவி செய்கிறாயா என்று கேட்கிறா. பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். வாயைத் திறக்கவே இல்லை. பிறகு எழுத்து வருவது நின்றது. டீச்சர் இரண்டு மூன்று தரம் அடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து மெல்லத் தலையை அசைத்தார். லைன் அறுந்துவிட்டது. திரும்ப எடுத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் யாரும் இல்லை. மேடம் எழும்பியிருக்கக்கூடும்.

ஆனால் படம் போகவில்லை. கடைசியாக வந்தது சதுரத்துக்குள் அப்படியே நின்றது. தங்கச்சி கொஞ்சம் முன்னுக்குக் குனிந்து, வாய் லேசாகத் திறந்து, யாரோ கதை சொல்லப் போகிறார்கள் கேட்போம் என்பது போல் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் அசையாததால் பிள்ளைக்கு வெட்கமும் இல்லை போலும். பிள்ளை கதிரையில் முழங்காலிட்டு எழும்பி, திரைக்குக் கிட்டப் போய், தாழ்ந்த குரலில் தொடங்கினாள்.

"எலி கொண்டு போகல்ல. நான்தான் கூரையில எறிஞ்சன். மற்றது தண்ணி குடிக்கக்குள்ள விழுந்து முழுங்கிட்டன். அம்மாக்குச் சொல்லல்ல. பாலத்துல ஆமிக்காரன் கோயிலா எண்டு கேட்டான். எங்கட வகுப்புல..."

தகப்பனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீச்சர் கையைக் காட்டி மறித்தார். ஆறு மணிக்கு முன்னால் நான் பாலம் தாண்ட வேண்டும். வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பிள்ளை சொல்லிக்கொண்டே இருந்தாள். கொம்பியூட்டரை நிறுத்தப் போன டீச்சர், நிறுத்தாமல், என்னைப் பார்த்து, "தேத்தண்ணி வைக்கட்டா அண்ணன்?" என்று மட்டும் கேட்டார். நான் ஓம் என்றேன்.